மூச்சு வாங்கினாலே ஆஸ்துமாதானா? 200 வருஷம் முன்பே நுரையீரல் நோய்களைப் பிரித்துக் காட்டிய டாக்டர் லென்னெக்கின் கதை

நாலு பேரை நினைத்துக் கொள்ளுங்கள். ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் மில்லில் பஞ்சுத் தூசிக்கு நடுவே வேலை பார்ப்பவர் ஒருத்தர். ஸ்ரீவில்லிபுத்தூரில் விறகு அடுப்பு முன்னால் வருஷக்கணக்கில் பால்கோவா கிண்டியவர் இன்னொருத்தர். மூன்றாமவர், இளவயதிலிருந்தே பீடி பிடிப்பவர். நாலாவது, எப்பவோ டிபி வந்து மாத்திரை சாப்பிட்டு குணமான ஒரு பாட்டி.

நாலு பேருக்கும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ராத்திரியானால் நெஞ்சில் கீச்சு கீச்சென்று சத்தம். ஊரில் இதற்கு ஒரே பெயர்தான்: இளைப்பு. கொஞ்சம் நாகரிகமாகச் சொன்னால் வீசிங். மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் மாத்திரையும் பல நேரம் ஒன்றுதான்.

ஆனால் நாலு பேர் நெஞ்சுக்குள்ளும் நடப்பது நாலு விதமான நோயாக இருக்கலாம். இன்றைக்கு சிடி ஸ்கேன் அதில் பலவற்றைப் படம் போட்டுக் காட்டிவிடும். ஸ்கேனும் இல்லாத, எக்ஸ்ரேயும் இல்லாத காலத்தில், ஒரு மரக்குழாயை வைத்துக்கொண்டு இந்த வேலையைத் தொடங்கியவர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் ரெனே லென்னெக். ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்தவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அவர் கதையில் அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. பார்க்கலாம் வாங்க.

யார் இந்த லென்னெக்?

பிரான்ஸ் நாட்டின் மேற்குக் கடலோரம் பிரிட்டனி என்ற பகுதி. அங்கே கெம்பேர் என்ற ஊரில் 1781 பிப்ரவரி 17-ம் தேதி பிறந்தார். அப்பா ஒரு வக்கீல். கவிதை எழுதுவதில் இருந்த ஆர்வம் குடும்பப் பொறுப்பில் அவருக்கு இல்லை. பையன் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அம்மா இறந்துபோனார். காசநோய்தான் காரணம் என்று கருதப்படுகிறது.

தாயில்லாப் பிள்ளை உறவினர் வீடுகளில் வளர்ந்தது. கடைசியில் நாந்த் நகரத்தில் டாக்டராக இருந்த சித்தப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அது பிரெஞ்சுப் புரட்சி நடந்த நேரம். ஊருக்குள்ளேயே கில்லட்டின் இயந்திரம் நட்டு தலைகளை வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் காயம்பட்டவர்கள் குவிந்தார்கள். 14 வயதிலேயே லென்னெக் அங்கே சித்தப்பாவுக்கு உதவியாக நின்றார்.

படிப்பைத் தவிர அவருக்கு இன்னொரு பிரியம் புல்லாங்குழல். கடைசல் இயந்திரத்தில் மரம் கடையும் பழக்கமும் உண்டு. குழாய்க்குள் காற்று போனால் என்ன சத்தம் வரும் என்று விரலுக்கும் உதட்டுக்கும் தெரிந்த மனிதர். பிற்காலத்தில் அவர் செய்த கருவியும் ஒரு குழாய்தான், ஆராய்ந்த நுரையீரலும் குழாய்களின் கூட்டம்தான்.

பீப்பாயைத் தட்டிய பையன்

1801-ல் லென்னெக் பாரிஸுக்கு வந்தார். அங்கே அவருக்கு கிடைத்த குரு கோர்விசார். நெப்போலியனுக்கே வைத்தியம் பார்த்தவர்.

கோர்விசாரிடம் ஒரு பழக்கம் இருந்தது. நோயாளியின் நெஞ்சில் விரலால் தட்டிப் பார்ப்பார். இது ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஆவென்ப்ரக்கர் என்ற டாக்டர் 1761-லேயே எழுதி வைத்த முறை. அவர் ஒரு விடுதிக்காரரின் மகன். மதுப் பீப்பாயில் சரக்கு எந்த மட்டம் வரை இருக்கிறது என்று தட்டிப் பார்த்தே கண்டுபிடிப்பார்கள். இளநீரைத் தட்டி வழுக்கையா முற்றலா என்று நம்மூரில் சொல்கிறார்களே, அதே சங்கதி. காற்று இருந்தால் ஒரு சத்தம், நீர் கோத்திருந்தால் வேறு சத்தம். பல வருஷம் யாரும் கண்டுகொள்ளாமல் கிடந்த அந்த முறையை கோர்விசார் மீண்டும் பழக்கத்துக்குக் கொண்டு வந்தார்.

லென்னெக் அதைக் கற்றுக்கொண்டார். 1803-ல் மருத்துவம், அறுவை சிகிச்சை இரண்டிலும் முதல் பரிசு வாங்கினார். 1804-ல் டாக்டர் பட்டம்.

ஆனாலும் நல்ல வேலை உடனே கிடைக்கவில்லை. அதற்குள் காசநோய் அவரைச் சுற்றியிருந்தவர்களை ஒவ்வொருவராகக் கொண்டுபோனது. 1810-ல் தம்பி. 1816-ல் நெருங்கிய நண்பர் பேய்ல். இந்த பேய்ல் சாதாரண ஆள் இல்லை. காசநோயில் இறந்த நூற்றுக்கணக்கானவர்களின் உடலை அறுத்து ஆராய்ந்து புத்தகம் எழுதியவர். கடைசியில் அதே நோய் அவரையும் விடவில்லை.

இடையில் 1814 போரில் காயமடைந்த பிரிட்டனி சிப்பாய்கள் பாரிஸ் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். பலருக்கு பிரெஞ்சு தெரியாது. வலிக்கிறது என்று சொல்லக்கூட ஆளில்லை. லென்னெக் அவர்களைத் தனியாக ஓரிடத்தில் சேர்த்து, அவர்கள் தாய்மொழியான பிரெத்தோன் மொழியில் பேசி வைத்தியம் பார்த்தார். நோயாளி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கும் குணம், கருவி வருவதற்கு முன்பே அவரிடம் இருந்தது.

1816: சுருட்டிய காகிதம்

அந்த வருஷம்தான் பாரிஸின் நெக்கர் ஆஸ்பத்திரியில் அவருக்கு வேலை கிடைத்தது. அப்போது இதயக் கோளாறு அறிகுறிகளோடு ஒரு இளம்பெண் வந்தார். கொஞ்சம் பருமனான உடல்வாகு. தட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. அந்தக் காலத்தில் டாக்டர்கள் நெஞ்சில் நேராகக் காதை வைத்துக் கேட்பதும் உண்டு. இளம்பெண் என்பதால் அதைச் செய்ய அவருக்கு மனம் வரவில்லை.

அப்போது அவருக்கு ஒன்று ஞாபகம் வந்தது. நீளமான ஒரு கட்டையின் ஒரு முனையில் குண்டூசியால் கீறினால், மறுமுனையில் காதை வைப்பவருக்கு அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்கும். உடனே சில காகிதங்களைக் குழல் மாதிரி இறுக்கமாகச் சுருட்டினார். ஒரு முனை நெஞ்சில், இன்னொரு முனை காதில். வெறும் காதில் கேட்பதைவிட இதயத் துடிப்பு துல்லியமாகக் கேட்டது.

அப்புறம் வீட்டிலேயே மரத்தைக் கடைந்து பல மாதிரிகள் செய்து பார்த்தார். கடைசியில் தேறியது கிட்டத்தட்ட ஒரு அடி நீள மர உருளை, நடுவில் துளை. அதுதான் முதல் ஸ்டெதாஸ்கோப். இரண்டு காதிலும் மாட்டுகிற இன்றைய வடிவம் வந்தது 1850-களில்தான்.

கருவியைவிட பெரிய கண்டுபிடிப்பு

இங்கேதான் முக்கியமான விஷயம். குழாயில் சத்தம் கேட்டுவிட்டது, சரி. அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம்? அதைச் சொல்ல அப்போது உலகத்தில் ஒரு புத்தகம்கூடக் கிடையாது.

லென்னெக் செய்தது இதுதான். ஒவ்வொரு நோயாளியின் நெஞ்சிலும் கேட்டதை எழுதி வைத்தார். அவர்களில் பலர் இறந்துபோனார்கள், அந்தக் காலத்து ஆஸ்பத்திரி அப்படி. இறந்த பிறகு உடலை அறுத்து, அதே இடத்தில் நுரையீரல் எப்படி இருக்கிறது என்று கண்ணால் பார்த்தார். உயிரோடு இருந்தபோது கேட்ட சத்தமும், செத்த பிறகு பார்த்த காட்சியும் பக்கத்துப் பக்கத்தில் ஏறின. மூன்று வருஷம் இதே வேலை.

1819-ல் அந்தப் புத்தகம் வெளிவந்தது. நிமோனியாவில் என்ன சத்தம், நீர் கோத்தால் என்ன சத்தம், காசநோய்ப் புண்ணில் என்ன சத்தம் என்று அதில் வரிசையாக இருந்தது. நெஞ்சில் கேட்கும் கரகரப்புக்கு பிரெஞ்சில் சொல்லும் வார்த்தை, சாகும் நேரத்தில் தொண்டையில் வரும் இழுப்பையும் குறிக்கும். நோயாளி காதில் விழுந்தால் பயந்துவிடுவார் என்று, படுக்கை அருகே பேசும்போது அதற்குப் பதில் ஒரு லத்தீன் வார்த்தையைப் பயன்படுத்தினார்.

நம் கதைக்கு வேண்டிய இரண்டு நோய்களும் அந்தப் புத்தகத்தில்தான் தெளிவாகப் பிரிக்கப்பட்டன.

ஒன்று, எம்பைசிமா. சாதாரணமாக, இறந்தவரின் மார்புக்கூட்டைத் திறந்ததும் நுரையீரல் காற்றுப்போன பலூன் மாதிரி சுருங்கிவிடும். ஆனால் நாள்பட்ட மூச்சிரைப்போடு இருந்த சிலருக்கு அது சுருங்கவே இல்லை. புடைத்துக்கொண்டு நின்றது. காற்று உள்ளே மாட்டிக்கொண்டுவிட்டது. உயிரோடு இருக்கும்போது இவர்கள் நெஞ்சைத் தட்டினால் காலிப் பானை மாதிரி நன்றாக ஒலிக்கும், குழாயில் கேட்டால் மூச்சுச் சத்தமோ ரொம்பக் குறைவாக இருக்கும். இது ஏன் என்று பார்க்க, நுரையீரலில் காற்றடித்து, அப்படியே உலர வைத்து, துண்டு துண்டாக நறுக்கினார். நுண்ணிய காற்றறைகளின் சுவர்கள் சிதைந்து பெரிய பெரிய பொந்துகளாக மாறியிருந்தன.

இரண்டு, பிராங்கியெக்டாசிஸ். இதில் கெட்டது காற்றறை இல்லை, காற்றுக்குழாய். நாள்பட்ட இருமலுக்குப் பிறகு, குறிப்பாக கக்குவான் மாதிரி கடும் இருமலுக்குப் பிறகு, குழாய் விரிந்து தொளதொளவென்று ஆகிவிடுகிறது. அதற்குள் சளி தேங்கி நாறுகிறது. இந்த நோயை முதலில் விவரித்தவரே லென்னெக்தான்.

இரண்டிலும் மூச்சு வாங்கும். இரண்டிலும் இருமல் வரும். உள்ளே நடப்பதோ வேறு வேறு.

அவர் நறுக்கியதை இன்று ஸ்கேன் நறுக்குகிறது

லென்னெக்கின் முறையில் ஒரு பெரிய குறை உண்டு. காதால் கேட்டது சரியா என்று தெரிய, நோயாளி சாக வேண்டும். 1895-ல் ரான்ட்ஜென் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். ஆனால் எக்ஸ்ரேயில் முன்னும் பின்னும் இருப்பதெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்துவிடும். ஆரம்ப நிலை எம்பைசிமா அதில் தெரியாமலே போகலாம்.

1971 அக்டோபர் 1-ம் தேதி, லண்டனில் இங்கிலாந்து எஞ்சினியர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் சிடி இயந்திரத்தில் முதல் நோயாளியின் மூளை படமெடுக்கப்பட்டது. இதற்காக அவருக்கும் ஆலன் கார்மக்குக்கும் 1979-ல் நோபல் பரிசு கிடைத்தது. சீக்கிரமே நுரையீரலும் சிடிக்குள் வந்தது. இன்று சில வினாடிகளில் முழு நுரையீரலையும் சுமார் 1 மில்லிமீட்டர் தடிமன் துண்டுகளாக திரையில் பார்க்கலாம். லென்னெக் காற்றடித்து, உலர்த்தி, நறுக்கியதும் இதுவேதான். இப்போது கத்தி இல்லை, நோயாளியும் எழுந்து நடந்து வீட்டுக்குப் போகிறார்.

சிடியில் எது எப்படித் தெரியும்?

சிடி படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு அடர்த்தி எண் உண்டு. தண்ணீர் 0. காற்று மைனஸ் 1000. இரண்டுக்கும் நடுவில்தான் நுரையீரல்.

எம்பைசிமா: மூச்சை இழுத்துப் பிடித்து எடுத்த படத்தில், மைனஸ் 950-க்கும் கீழே போகிற கறுப்புப் பொந்துகள். பொந்துகளுக்குப் பெரும்பாலும் தனிச் சுவர் இருக்காது. பீடி, சிகரெட்டால் வருவது அதிகமாக மேல் பகுதியில் தெரியும். பரம்பரையாக ஒரு புரதம் குறைவதால் வரும் வகை கீழ்ப்பகுதியை அதிகம் தாக்கும்.

பிராங்கியெக்டாசிஸ்: காற்றுக்குழாயும் ரத்தக்குழாயும் ஜோடியாகவே போகும், அளவும் கிட்டத்தட்ட சமம். காற்றுக்குழாய் விரிந்துவிட்டால், குறுக்குவெட்டில் கல் வைத்த மோதிரம் மாதிரி தெரியும். வளையம் காற்றுக்குழாய், கல் ரத்தக்குழாய். டிபி வந்து ஆறிய தழும்பின் பக்கத்திலும் இது வரலாம்.

ஆஸ்துமா: பல பேருக்கு படம் நார்மலாகவே இருக்கும். சிலருக்கு குழாய்ச் சுவர் தடித்திருக்கும், சளிக் கட்டி அடைத்திருக்கும். ஆஸ்துமாக்காரர்கள் சிலருக்கு ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையால் ஒவ்வாமை வரும். அப்போது நுரையீரலின் நடுப்பகுதிக் குழாய்கள் விரிந்து தெரியும்.

நுண்குழாய் அடைப்பு: மூச்சை முழுக்க வெளியே விட்டுப் பிடிக்கச் சொல்லி இன்னொரு தடவை படம் எடுப்பார்கள். நல்ல பகுதி காற்றுப் போய் வெளுக்கும். அடைபட்ட பகுதி காற்றைப் பிடித்துக்கொண்டு கறுப்பாகவே நிற்கும். திட்டுத் திட்டாக மொசைக் தரை மாதிரி இருக்கும்.

சிடியால் சொல்ல முடியாதது

இங்கே ராஜபாளையம் விஷயத்துக்கு வருவோம். 1936-ல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கியதிலிருந்து இந்த ஊரின் அடையாளமே பஞ்சும் நூலும்தான். பக்கத்துச் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்குப் பேர் போனது. பஞ்சு மூட்டை பிரிக்கும் புளோ ரூம், கார்டிங் பக்கம் தூசி அதிகம். அந்தத் தூசியால் வருகிற நோய்க்கு பிஸினோசிஸ் என்று பெயர்.

இதற்கென்று தனியாக ஒரு சிடி அடையாளம் கிடையாது. காட்டிக்கொடுப்பது காலண்டர்தான். வார லீவு முடிந்து முதல் நாள் வேலைக்குப் போனதும் நெஞ்சு இறுக்கும், மூச்சு முட்டும். அடுத்தடுத்த நாளில் குறையும். வருஷங்கள் போகப் போக எல்லா நாளும் அப்படியே ஆகிவிடும். ஷிப்டுக்கு முன்னும் பின்னும் ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் டெஸ்ட் எடுத்தால் வித்தியாசம் தெரியும். ஆனால் டாக்டர் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்க வேண்டும், நாமும் சொல்ல வேண்டும்.

ஆஸ்துமா, சிஓபிடி இரண்டுக்கும் முதல் டெஸ்டும் ஸ்பைரோமெட்ரிதான். மருந்து இழுத்த பிறகும், முதல் ஒரு வினாடியில் வெளியே வரும் காற்று மொத்தத்தில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் சிஓபிடி என்று சந்தேகிப்பார்கள். விறகுப் புகையால், பீடியே தொடாத பெண்களுக்கும் சிஓபிடி வரும். காரணம் புரியாதபோது, மருந்துக்குக் கேட்காதபோது, ரத்தமோ நிறைய சளியோ வரும்போதுதான் சிடிக்கு அதிக வேலை. நெஞ்சு எக்ஸ்ரேயைவிட சிடியில் கதிர்வீச்சு பல மடங்கு கூடுதல் என்பதால், நாமாகப் போய் எடுத்துக்கொள்கிற டெஸ்ட் இல்லை அது.

எல்லாத்துக்கும் அட்டை விட்டவர்கள்

மறுபடி பாரிஸ். லென்னெக்கின் புத்தகத்தை எல்லோரும் கொண்டாடிவிடவில்லை. பெரிய எதிரி, அவரைப் போலவே பிரிட்டனியைச் சேர்ந்த டாக்டர் புரூசே. அவர் பேச்சுக்குக் கூட்டம் கூடும். பெரும்பாலான நோய்களுக்கு மூலம் ஒன்றுதான், வயிறு குடலில் வரும் அழற்சி என்பது அவர் வாதம். வைத்தியமும் ஒன்றுதான்: அட்டைப்பூச்சியைக் கடிக்கவிட்டு ரத்தத்தை உறிஞ்சவிடுவது.

லென்னெக் அதற்கு நேர் எதிர். உள்ளே ஒவ்வொரு நோயும் ஒவ்வொரு தடம் விடுகிறது, அதைப் பார்த்துத்தான் பெயர் வைக்க வேண்டும் என்றார். இருவரும் ஒருவரை ஒருவர் கடுமையாகத் தாக்கி எழுதினார்கள். அன்றைக்கு மவுசு அதிகம் புரூசேவுக்குத்தான். காலம் லென்னெக் பக்கம் நின்றது.

உறவினர் காதில் கேட்ட சத்தம்

லென்னெக் ஒல்லியான, குள்ளமான ஆள். உடம்பு எப்போதும் பலவீனம். புத்தகம் முடிந்த கையோடு 1819-ல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு சொந்த மண்ணுக்குப் போய்விட்டார். இரண்டு வருஷம் தோட்டம், வயல் என்று இருந்து தேறினார். 1821-ல் பாரிஸ் திரும்பினார். பேராசிரியர் பதவி வந்தது. பல நாட்டு மாணவர்கள் அவர் பின்னாலேயே வார்டு வார்டாக நடந்தார்கள். 1824-ல் கல்யாணம். அவர்களுக்குப் பிள்ளை தங்கவில்லை.

புத்தகத்தின் இரண்டாம் பதிப்பை முழுசாகத் திருத்தி எழுதும் வேலை அவரை மேலும் உருக்கியது. 1826-ல் அது வெளியானபோது இருமல், காய்ச்சல், மூச்சுத் திணறல் எல்லாம் சேர்ந்துகொண்டன. மீண்டும் பிரிட்டனிக்குக் கிளம்பினார்.

கூட இருந்தவர் உறவுக்கார இளைஞர் மெரியாதெக். அவரும் டாக்டர். லென்னெக்கின் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து அவர் நெஞ்சிலேயே வைத்துக் கேட்டார். கேட்ட சத்தத்தை விவரித்தார். அதற்கு அர்த்தம் என்ன என்று லென்னெக்குக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. உலகத்துக்கே அதைச் சொல்லிக்கொடுத்தவர் அவர். நெஞ்சில் காசநோய் முற்றியிருந்தது.

1826 ஆகஸ்ட் 13-ம் தேதி இறந்துபோனார். வயது 45. காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் கண்டுபிடிக்க இன்னும் 56 வருஷம் இருந்தது. முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது 1940-களில். தன் நோயின் பெயர் அவருக்குத் தெரியும், மருந்துதான் உலகத்தில் இல்லை. உயிலில் அந்த மரக்குழாயை மெரியாதெக்குக்கே எழுதி வைத்தார். தான் விட்டுச் செல்வதில் அதையே விலை மதிப்பானதாக நினைத்தார்.

நமக்கு என்ன?

நம் நிலைமை தலைகீழ். மருந்து இருக்கிறது, பெயர்தான் பல நேரம் தெரிவதில்லை. ஆஸ்துமாவுக்கு இன்ஹேலரை விடாமல் இழுத்தால் இயல்பு வாழ்க்கை வாழலாம். எம்பைசிமாவுக்கு முதல் மருந்து பீடியை விடுவது. குழாய் விரிந்தவருக்கு தினமும் சளியை வெளியேற்றும் பயிற்சி முக்கியம். பிஸினோசிஸ்காரருக்கு தூசி இல்லாத பிரிவுக்கு மாறுவதே பாதி வைத்தியம். டிபி குணமானவரின் பழைய தழும்பை எக்ஸ்ரேயில் பார்த்துவிட்டு, மறுபடி டிபி மாத்திரையே தொடங்குவதும் நடப்பதுண்டு. சளிப் பரிசோதனையும் தேவைப்பட்டால் சிடியும் அதைத் தடுக்கும்.

அதனால் இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ, அடிக்கடி மூச்சு வாங்குவதோ இருந்தால், ஒரு டாக்டரிடம் முழுசாகப் பேசுங்கள். மில்லா, அடுப்பா, பீடியா, பழைய டிபியா, எந்த நாளில் அதிகம், எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஊதும் டெஸ்ட் எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். ஏற்கெனவே எடுத்த எக்ஸ்ரே, சிடி, சீட்டு எதையும் தூக்கிப் போடாமல் கையோடு கொண்டு போங்கள்.

இளைப்பு என்பது ஒரு அறிகுறிதான். அதற்குப் பின்னால் இருக்கும் நோயின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வாருங்கள்.